கழனி வாங்கும் முன்: மண்ணில் ஈயமும் காட்மியமும் குரோமியமும் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

ஊர்ப்பக்கம் ரெண்டு ஏக்கர் பிடித்துக் கீரையும் காய்கறியும் போடலாம் என்று வருகிறவர்கள் முதலில் என்னிடம் நீட்டுவது மண்வள அட்டையைத்தான். "எல்லாம் சரியா இருக்குன்னு வந்திருக்கு, பாருங்க" என்பார்கள். நானும் வாங்கிப் பார்ப்பேன். தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பு, அங்ககக் கரிமம் என்று பன்னிரண்டு கணக்கு இருக்கும். ஈயம் இருக்காது. காட்மியம், குரோமியம், ஆர்சனிக் எதுவும் இருக்காது. 2015-இல் தொடங்கிய அந்தத் திட்டம், பயிருக்கு என்ன உரம் எவ்வளவு போடலாம் என்று சொல்வதற்காக வந்தது. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. விளைந்ததைச் சாப்பிடலாமா என்ற கேள்வியை அதனிடம் யாரும் கேட்கவில்லை, அதனால் அது பதில் சொல்லவும் இல்லை.

நான் இருப்பது வாலாஜாபேட்டைக்குப் பக்கம், பாலாற்றுப் படுகை. எங்கள் ஊரை வைத்தே சொல்கிறேன். பேட்டரி உருக்கிய இடத்துக்குப் பக்கத்திலோ, முலாம் பூசும் பட்டறைகளின் கழிவு போகும் வாய்க்கால் ஓரத்திலோ, அனல்மின் நிலையச் சாம்பல் குளத்துக்கு அருகிலோ நிலம் பார்ப்பவர்களுக்கும் முறை இதேதான். தேட வேண்டிய உலோகம் மட்டும் மாறும்.

பணம் செலவில்லாத வேலை முதலில்

ஆய்வகத்துக்குப் போகும் முன் டீக்கடைக்குப் போங்கள். அந்த நிலத்துக்கு மேல்புறம் என்ன இருந்தது, எப்போது இருந்தது, கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறியதுண்டா, மாடு அந்தத் தண்ணீரைக் குடிக்குமா என்று வயதானவர்களிடம் கேளுங்கள். லாரியில் கழிவு கொண்டுவந்து கொட்டினார்களா, குப்பை உரம் அடித்தார்களா, ஏரி வண்டல் எந்த ஏரியிலிருந்து வந்தது என்பதும் முக்கியம். ஏரி வண்டல் நல்ல சரக்குதான், சந்தேகமே இல்லை. ஆனால் தோல் தொழிற்சாலைக் கழிவு வந்து சேர்ந்த ஏரியின் வண்டல் என்றால், கழிவில் வந்த உலோகம் முழுக்க அந்தச் சேற்றில்தான் உட்கார்ந்திருக்கும். அதை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பத்திரம் பார்க்கும்போது வில்லங்கச் சான்றோடு நிறுத்திவிடாமல் பழைய அடங்கலையும் கேட்டு வாங்குங்கள். எந்தப் போகத்தில் என்ன பயிர் என்று அதில் இருக்கும். சுற்றிலும் நெல் விளைந்துகொண்டிருக்கும்போது இந்த ஒரு சர்வே எண் மட்டும் பல வருஷம் தரிசு என்று வந்தால், ஏன் என்று கேட்க வேண்டும்.

எங்கள் பக்கத்துக் கதை கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பு சொன்னபோது, வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் தந்த கணக்கை எடுத்துக் காட்டியது: இந்தத் தொழில் நடக்கும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதுமோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போயிருந்தது. இதற்கு அப்பால், ராணிப்பேட்டையில் 1990-களில் மூடிய ஒரு குரோமேட் ஆலையின் கழிவு லட்சம் டன்னுக்கும் மேல் திறந்த வெளியில் மலையாகக் கிடந்தது.

இரண்டிலும் இருப்பது குரோமியம்தான், ஆனால் வேறு வேறு வடிவம். தோல் பதனிடப் பயன்படுவது குரோமியம்-3. அது மண்ணில் இறுகப் பிடித்துக்கொள்ளும், செடியின் வேரைத் தாண்டி மேலே ஏறுவது குறைவு, நம் குடலும் அதைச் சுலபத்தில் உறிஞ்சாது. குரோமேட் கழிவில் வருவது குரோமியம்-6. தண்ணீரோடு ஓடும், கிணற்றுக்கு இறங்கும், தண்ணீரை மஞ்சளாக்கும். புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதியானதும் இதுதான். ஆக "குரோமியம் இருக்காம்" என்று யாராவது சொன்னால், "எந்தக் குரோமியம்?" என்று திருப்பிக் கேளுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். வயலில் வெள்ளை பூத்திருந்தால், தென்னை ஓலை நுனி கருகினால், அது உப்பு. பயிரைக் கண்ணெதிரே கெடுப்பது பெரும்பாலும் உப்புதான். மனிதனுக்குக் கெடுதல் செய்யும் அளவு காட்மியம் ஏறிய கீரை பசேல் என்று, சந்தையில் முதல் ஆளாக விற்றுப்போகிற மாதிரி இருக்கும். செழிப்பைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

தண்ணீர்

மண்ணுக்கு முன் கிணற்றையோ போரையோ சோதியுங்கள். மண் சுத்தமாக இருந்து தண்ணீர் கெட்டிருந்தால், நீங்கள் பாய்ச்சப் பாய்ச்ச மண்ணும் கெடும். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, ஆய்வகம் தரும் பாட்டிலில் பிடிக்க வேண்டும். உலோகத்துக்கான பாட்டிலில் கொஞ்சம் நைட்ரிக் அமிலம் விட்டுத் தருவார்கள், அதைக் கழுவிவிடாதீர்கள். குரோமியம்-6 பார்க்க அமிலம் இல்லாத தனி பாட்டில் வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து உடனே கொண்டு சேர்க்க வேண்டும்.

பாசன நீருக்கு ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்குக் காட்மியம் 0.01 மில்லிகிராம், குரோமியம் 0.1, ஆர்சனிக் 0.1. குடிநீருக்கு இந்தியத் தர அளவு இன்னும் கடுமை: காட்மியம் 0.003, குரோமியம் 0.05, ஈயம் 0.01. களத்தில் வேலை செய்பவர்கள் அந்தக் குழாயிலேயே கையேந்திக் குடிப்பார்கள் என்பதால் நான் குடிநீர்க் கணக்கைத்தான் பார்ப்பேன்.

மண் எடுப்பது

பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஆய்வகம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், நீங்கள் பையில் போட்டுக் கொடுத்த மண்ணைப் பற்றித்தான் அது சொல்லும்.

ஒரு ஏக்கரில் பாம்பு போகிற மாதிரி வளைந்து வளைந்து நடந்து 12 முதல் 15 இடத்தில் எடுங்கள். மேல் சருகை மட்டும் தள்ளிவிட்டு, ஆங்கில 'வி' எழுத்துப் போல 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, பக்கச் சுவரிலிருந்து ஒரே கனமாக ஒரு சீவல். மண்வெட்டி பட்ட ஓரத்தை மூங்கில் பத்தையால் வழித்துத் தள்ளிவிட்டு நடுப்பகுதியை எடுங்கள். சேகரிக்கப் பிளாஸ்டிக் டப்பா போதும்; துத்தநாகம் பூசிய வாளி வேண்டவே வேண்டாம். எல்லாவற்றையும் கலந்து வட்டமாகப் பரப்பி, நான்கு பாகமாகக் கோடு கிழித்து, எதிரெதிர் பாகம் இரண்டைத் தள்ளுங்கள். அரைக் கிலோ நிற்கும் வரை இதையே திரும்பச் செய்து, நிழலில் உலர்த்திப் பையில் போடுங்கள்.

உரத்துக்கு மண் எடுக்கும்போது வரப்போரம், எருக்குழி, மரத்தடி, வாய்க்கால் மடை எல்லாவற்றையும் விடச் சொல்வார்கள். இங்கே ஒரு திருத்தம். மடை வாயில் இருக்கும் மண்ணை விடாதீர்கள், தனிப் பையில் எடுங்கள். கெட்ட தண்ணீர் வந்திருந்தால் அதன் வண்டல் முதலில் படிவது அங்கேதான். மடையில் கூடுதலாகவும் கடைமடையில் குறைவாகவும் வந்தால், உலோகம் தண்ணீர் வழியாக வந்தது என்று புரிந்துகொள்ளலாம். அதே போல நிலம் நெடுஞ்சாலையை ஒட்டியிருந்தால் சாலையோரப் பத்து மீட்டருக்குத் தனி மாதிரி. ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000-இல்தான் நின்றது, அதற்கு முன் விழுந்த ஈயம் எங்கும் போய்விடவில்லை.

இரண்டாவதாக 15 முதல் 30 செ.மீ. ஆழத்தில் ஒரு மாதிரி. மூன்றாவது மாதிரியை யாரும் எடுப்பதில்லை, எனக்கு அதுதான் முக்கியம்: அதே வகை மண், ஆனால் கழிவோ பாசனமோ தொடாத இடம். மேட்டுப் புறம்போக்கு, பழைய கோயில் தோப்பு, அந்த மாதிரி. அது இல்லாமல் உங்கள் எண்ணை எதோடு ஒப்பிடுவீர்கள்? நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் பாறையிலேயே குரோமைட் இருக்கிறது. அங்கே ஆலையே இல்லாமல் மண்ணில் குரோமியம் கூடுதலாக வரும்.

ஆய்வகத்திடம் கேட்க வேண்டியவை

"ஹெவி மெட்டல் டெஸ்ட்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். ஈயம், காட்மியம், குரோமியம், ஆர்சனிக், நிக்கல் என்று பெயர் சொல்லி எழுதிக் கொடுங்கள். கூடவே கார அமில நிலையும் அங்ககக் கரிமமும் வேண்டும், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். ஆய்வகங்களுக்குத் தரச் சான்று தரும் தேசிய வாரியமான என்ஏபிஎல்-இன் அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. அந்த அங்கீகாரம் ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனி என்பதால், மண்ணில் இந்த உலோகங்கள் அதில் அடக்கமா என்று பாருங்கள்.

மண்ணை ராஜ திராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கரைத்துப் பார்ப்பது மொத்த அளவு. டிடிபிஏ கரைசலில் பார்ப்பது செடிக்குக் கிடைக்கக்கூடிய அளவு. முதலாவது ஆயிரமாக இருந்து இரண்டாவது மிகச் சிறியதாக இருக்கலாம். ஒரு மாதிரிக்காவது இரண்டையும் கேளுங்கள்.

அப்புறம், கண்டறியும் வரம்பு. என் முதல் அறிக்கையில் காட்மியத்துக்கு எதிரே 'பிடிஎல்' என்று இருந்தது. கண்டறியும் அளவுக்குக் கீழே என்று அர்த்தம். வீட்டில் பாயசம் வைக்காத குறைதான். ஒரு மாதம் கழித்துத்தான் அந்த வரம்பு எவ்வளவு என்று கேட்கத் தோன்றியது. கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்றார்கள். காட்மியத்தில் கவலைப்பட வேண்டியதே ஒன்று, இரண்டில் தொடங்கும். ஐந்துக்குக் கீழே எல்லாம் தெரியாது என்ற கருவி எனக்கு ஒன்றுமே சொல்லவில்லை. காட்மியத்துக்கு 0.1 வரையாவது பார்க்கும் கருவி வேண்டும், ஐசிபி-எம்எஸ் என்று கேட்டால் தெரியும். துப்பாக்கி போல மண்ணில் வைத்துப் பார்க்கும் எக்ஸ் கதிர் கருவி ஈயத்துக்கு நல்லது, காட்மியத்துக்கு உதவாது.

எண்ணை எப்படிப் படிப்பது

கிலோ மண்ணுக்கு மில்லிகிராம் என்பதும் பிபிஎம் என்பதும் ஒன்றே. ஐரோப்பாவில் கழிவுநீர்ச் சேறு போடும் விளைநிலத்துக்கு 1986-இல் வைத்த வரம்பு: காட்மியம் 1 முதல் 3, ஈயம் 50 முதல் 300, நிக்கல் 30 முதல் 75. இந்திய ஆய்வுகளில் பெரும்பாலும் எடுத்தாளப்படுவது காட்மியம் 3 முதல் 6, ஈயம் 250 முதல் 500. இரண்டும் ஒத்துப்போகவில்லையே என்று குழம்பாதீர்கள். சீனாவின் 2018 தரத்தைப் பார்த்தால் விஷயம் விளங்கும்: நெல் வயலுக்குக் காட்மியம் கடும் அமில மண்ணில் 0.3, கார மண்ணில் 0.8. உலோகம் அதேதான், அமில மண்ணில் அது சுலபமாகக் கழன்று வேருக்குப் போகிறது. கார அமில நிலையைக் கேட்கச் சொன்னது இதற்காக.

என் கணக்கு எளிது. மேட்டு மண்ணைப் போல இரண்டு மடங்குக்குள் இருந்து, ஐரோப்பிய வரம்பின் கீழ் எண்ணையும் தாண்டவில்லை என்றால் நிம்மதியாக விவசாயம் செய்யலாம். வரம்புக்கு இடையில் இருந்தால் பயிரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேல் எண்ணையும் தாண்டினால், உணவுப் பயிருக்காக அந்த நிலத்தை வாங்க வேண்டாம். "மேல் மண்ணை வழித்து எடுத்துடலாம்" என்று தரகர் சொல்வார். ஒரு ஏக்கரில் 15 செ.மீ. மண் என்பது 600 கன மீட்டர், ஏறக்குறைய 800 டன். அதை எங்கே கொட்டுவார் என்று கேளுங்கள்.

இதே 800 டன் கணக்கை உரத்துக்கும் போட்டுப் பார்க்கலாம். நகரக் குப்பை உரத்தில் காட்மியம் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது உரக் கட்டுப்பாட்டு ஆணை. அந்த உச்ச அளவு உள்ள உரத்தை ஏக்கருக்கு 5 டன் போட்டால் 25 கிராம் காட்மியம் சேரும். மண்ணில் அது 0.03 ஏற்றம். ஒரு வருஷத்தில் தெரியாது. முப்பது வருஷத்தில் ஒன்றைத் தொடும், ஏனென்றால் உலோகம் மக்காது. உரம் வாங்கும்போது அதன் சோதனை அறிக்கையையும் கேளுங்கள்.

என்ன பயிர்

காட்மியம் செடிக்குள் ஏறும். அதிகம் ஏறுவது இலையில்: பாலக், தண்டுக்கீரை, சிறுகீரை. அடுத்தது கிழங்கும் வேரும். கத்தரி, தக்காளி, அவரை போன்ற காய்களில் இலையளவு ஏறாது. ஈயம் வேறு ஜாதி. செடிக்குள் கொஞ்சம்தான் போகும், பெரும்பாலும் மண்ணாகவும் தூசாகவும் இலை மேலும் கிழங்குத் தோல் மேலும் ஒட்டியிருக்கும். ஆகவே ஈயம் உள்ள நிலத்துக் காயை நான்கு தண்ணீரில் அலசி, தோல் சீவினால் நிறைய போய்விடும். காட்மியத்தை அலசி எடுக்க முடியாது, அது இலைக்கு உள்ளே இருக்கிறது.

நெல்லில்தான் சிக்கல் ருசிகரம். வயலில் தண்ணீர் கட்டினால் காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கல்லாகிவிடும், பயிருக்குக் கிடைக்காது. ஆனால் அதே தண்ணீர் ஆர்சனிக்கை இரும்பின் பிடியிலிருந்து கழற்றி விடும். காயவிட்டுப் பாய்ச்சினால் நேர் எதிர். தண்ணீர் மிச்சமாகும் என்று காய்ச்சலும் பாய்ச்சலுமாக நெல் போடச் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் காட்மியம் உள்ள வயலில், அதுவும் கதிர் வந்த பிறகு, அப்படிச் செய்யாதீர்கள்.

உணவுப் பயிர் வேண்டாம் என்று முடிவானால் மல்லி, சம்பங்கி, பருத்தி, சவுக்கு, மூங்கில் என்று வழி இருக்கிறது. மாட்டுத் தீவனம் போடலாம் என்பார்கள், அது சுற்றி வந்து பாலிலும் சாணத்திலும் நிற்கும்.

மண்ணைச் சரிசெய்ய முடியுமா?

முழுதாக முடியாது, அடக்கி வைக்கலாம். அமில மண்ணில் சுண்ணாம்பு போட்டால் காட்மியமும் ஈயமும் இறுகும். ஆனால் ஆர்சனிக்கும் குரோமியம்-6-ம் கார மண்ணில் இன்னும் தாராளமாக நடமாடும் என்பதால், எது இருக்கிறது என்று தெரியாமல் சுண்ணாம்பைக் கொட்டக் கூடாது. நம் கரிசலில் ஏற்கெனவே காரம் இருக்கிறது, அங்கே இந்த வைத்தியத்துக்கே வேலையில்லை. சுத்தமான தொழுவுரமும் மட்கும் இரண்டு உதவி செய்யும்: காட்மியத்தைப் பிடித்து வைக்கும், குரோமியம்-6-ஐக் குரோமியம்-3 ஆக்கும்.

செடி வைத்து உலோகத்தை உறிஞ்சி எடுப்பது பற்றிக் காணொளிகள் நிறைய வருகின்றன. பொய்யில்லை. ஆர்சனிக்கை இலையில் குவிக்கும் ஒரு பெரணிச் செடியை 2001-இல் கண்டறிந்தார்கள். ஆனால் வருஷக் கணக்கில் ஆகும். அறுத்த செடியை மாட்டுக்கும் போட முடியாது, மட்காக்கவும் முடியாது, எரித்தால் சாம்பலில் எல்லாம் நிற்கும். அறுவடையை என்ன செய்வது என்று தெரியாத பயிரை நான் வைப்பதில்லை.

உடம்புக்கு என்ன ஆகும்

ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரையில், மேலே கமியோகா சுரங்கத்துக் காட்மியம் பாசன நீரில் வந்து நெல்லில் ஏறியது. குழந்தை பல பெற்ற, வயதான பெண்களுக்குத்தான் அதிகம் வந்தது. சிறுநீரகம் கெட்டு, எலும்பு மென்மையாகி, இருமினாலே முறியும் அளவு வலி. "இதாய் இதாய்", அதாவது "வலிக்குது வலிக்குது" என்றே நோய்க்குப் பெயர். 1968-இல் அரசு அதை மாசினால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது.

அவர்கள் தங்கள் வயல் அரிசியையே மூன்று வேளையும் சாப்பிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். உலகச் சுகாதார நிறுவன நிபுணர் குழுவின் கணக்குப்படி 60 கிலோ எடையுள்ளவர் ஒரு நாளைக்குச் சராசரியாக 50 மைக்ரோகிராம் காட்மியம் வரை தாங்கலாம். சர்வதேச வரம்பான கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் உள்ள அரிசியை 300 கிராம் சமைத்தாலே 120 மைக்ரோகிராம் வந்துவிடும். கடையில் வாங்கி உண்பவருக்கு பத்து ஊர் அரிசி கலந்து வரும். சொந்தக் கழனி நெல்லைக் குதிரில் போட்டு வருஷம் முழுக்க உண்பவருக்கு அந்தக் கலப்பு இல்லை. நீங்கள் இயற்கையாக விளைவித்து உங்கள் பிள்ளைக்குக் கொடுக்க வந்தவர் என்றால், இந்த ஒரு கணக்குக்காகவாவது ஒரு முறை அரிசியையே சோதித்துவிடுங்கள்.

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தொடும், பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம் கூடும். குழந்தை உடல் ஈயத்தைப் பெரியவர்களைப் போல நாலைந்து மடங்கு உறிஞ்சும், தவழ்ந்து கை சூப்புவதால் மண்ணும் நேராக வாய்க்குப் போகும். வயல் செருப்பை வாசலிலேயே விடுங்கள், வேலைத் துணியைத் தனியாக அலசுங்கள். வாயும் வயிறுமாக இருக்கும் பெண்கள் சிலர் மண், சாம்பல், செங்கல் தூள் தின்பார்கள். இந்தப் பகுதியில் அது நிச்சயம் கூடாது. இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடலில் ஈயமும் காட்மியமும் கூடுதலாக ஏறும் என்பதால் ரத்தசோகையை முதலில் கவனியுங்கள். பீடி, சிகரெட் பிடிப்பவர் மண்ணைக் குறை சொல்லும் முன் அதை நிறுத்தட்டும். புகையிலையும் காட்மியத்தைக் குவிக்கும் செடிதான்.

சந்தேகம் இருந்தால் ஈயத்துக்கு நரம்பிலிருந்து எடுத்த ரத்தம், காட்மியத்துக்கும் ஆர்சனிக்குக்கும் சிறுநீர். ஆர்சனிக் பார்க்கும் முன் நாலைந்து நாள் மீன், இறால் வேண்டாம். முடியை வெட்டி அனுப்பும் சோதனையை நம்பிச் செலவு செய்யாதீர்கள். ரத்த ஈயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தொட்டால் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பஸ்பம், செந்தூரம் சாப்பிடுகிறவர் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லட்டும். மல்லித்தழைச் சாறு குடித்து உலோகத்தை வெளியேற்றலாம் என்று வரும் வாட்ஸப் செய்தியை அழித்துவிடுங்கள். உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து உண்டு, அது மருத்துவமனையில் வைத்துக் கொடுப்பது.

கடைசியாக ஒரு வேலை. ஆய்வகத்துக்கு அனுப்பியது போக மிச்ச மண்ணில் ஒரு கால் கிலோவைப் பிளாஸ்டிக் ஜாடியில் போட்டு, தேதி, சர்வே எண், எந்தப் பகுதி என்று பென்சிலில் எழுதி உள்ளேயே ஒரு சீட்டுப் போட்டு மூடி வையுங்கள். மூன்று வருஷம் கழித்து அதே இடங்களில் மறுபடி எடுத்து, இரண்டையும் ஒரே ஆய்வகத்தில் ஒரே நாளில் கொடுங்கள். பக்கத்தில் புதிதாக ஏதாவது ஆலை வந்து தண்ணீர் நிறம் மாறினால், அந்த ஜாடி பரணில் இருக்கட்டும். மனு எழுதும்போது தேவைப்படும்.